கும்பா அக்காவின் சட்டி

1

எங்கள் மகளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றுதான் கச்சான் குழம்பும், அதாவது நிலக்கடலைக் குழம்பும், எங்கள் வீட்டுக்கு வந்தது. போன மாதம் நிலாவுக்கு ஏழு வயது முடிந்தது. மெழுகுதிரிகளை அவள் ஊதும்போது எனக்கு அந்தக் குழம்பின் நினைவுதான் வந்தது. அதைப் பற்றி எழுதி வைக்க வேண்டும் என்று அன்றே தீர்மானித்தேன். அதற்குள் வேறு பல காரியங்கள் நடந்துவிட்டன. அவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நிலா பிறந்தபோது அம்மாவைக் கிளிநொச்சியிலிருந்து எடுப்பிக்க முயன்றோம். விசா கிடைக்கவில்லை. அம்மா திரும்பிப் போவார் என்பதற்குப் போதிய உறுதி இல்லை என்று காரணம் எழுதியிருந்தார்கள். பிள்ளை பெற்றவளுக்கென்று அம்மா அனுப்பிய சரக்குத் தூள் எங்கேயோ சுங்கத்தில் நின்றது. என் கணவர் ரவிக்கு ரெஸ்டோரன்டில் விடுமுறை முடிந்துவிட்டது. பிள்ளையும் நானும் பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பலில், எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த தெருவில், ஐந்தாம் மாடியில், தனியாக இருந்தோம். ஜன்னலுக்குக் கொஞ்சம் கீழே மெத்ரோ ரயில் மேம்பாலத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைக்குப் பால் போதவில்லை. ஒவ்வொரு மெத்ரோவுக்கும் அவள் அழுதாள், சில வேளை நானும்.

யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் எதிர் வீட்டுப் பெண்மணி, கையில் மூடிய சட்டியோடு நின்றார். அதுவரை படிக்கட்டில் 'பொன்ஜூர்' சொல்வதோடு சரி. மாலி நாட்டுக்காரர் என்பதும் அலுவலகங்களில் துப்புரவு வேலை செய்கிறார் என்பதும் மட்டும் தெரியும்.

"பிள்ளை அழுகிறது சுவர் வழியாகக் கேட்கிறது. இதைச் சாப்பிடு. எங்கள் ஊரில் பிள்ளை பெற்றவளுக்குக் கச்சான் கொடுப்போம். பால் வரும்," என்றார்.

நான் தயங்கினேன். அவர் சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார்.

"பயப்படாதே, கோழிதான். கீழே உங்கள் ஆட்களின் கடையில் கேட்டுவிட்டுத்தான் சமைத்தேன். இந்தக் குடும்பம் மாடு சாப்பிடுமா என்று கேட்டேன். அந்தப் பையன் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே இல்லை இல்லை என்றான்."

அவர் பெயர் கும்பா. அன்றிலிருந்து எனக்குக் கும்பா அக்கா. நாங்கள் பேசுவது பிரெஞ்சில். அவருடைய பிரெஞ்சு வேகமானது, என்னுடையது இலக்கணத்தைப் பார்த்துப் பார்த்து நடப்பது. இங்கே தமிழில் எழுதுகிறேன்.

சட்டியைக் கழுவித் திருப்பிக் கொடுத்தபோது உள்ளே இரண்டு வாழைப்பழம் வைத்தேன். அக்காவுக்குக் கோபம். "நான் சாப்பாடு விற்கிறேனா?" என்றார். வெறும் சட்டியைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது, எங்கள் பழக்கம் அப்படி என்று சொன்னேன். கொஞ்சம் யோசித்தார். "நல்ல பழக்கம். இதற்கு முடிவே கிடையாது," என்றார். முடிவே இல்லாமல்தான் போயிற்று. அந்தச் சட்டி எங்கள் இரண்டு கதவுகளுக்கும் இடையில் ஒரு தடவைகூட வெறுமையாகப் போனதில்லை.

2

ஊரில் இருப்பவர்களுக்காக இந்தக் குழம்பை விளக்க வேண்டும். பெயர் மாஃபே. இறைச்சியை எண்ணெயில் சிவக்க வைத்து, வெங்காயமும் தக்காளி விழுதும் கருஞ்சிவப்பாகும்வரை வதக்கி, வெந்நீரில் கரைத்த கச்சான் பசையை ஊற்றி, கோவா என்கிற முட்டைக்கோஸ், கரட், மரவள்ளிக் கிழங்கு போட்டு, எண்ணெய் மேலே மிதக்கும்வரை சிறு நெருப்பில் விடுவது. சோற்றோடு சாப்பிடுவது. எங்கள் நாக்குக்கு இது அந்நியம் இல்லை. தேங்காய்ப்பாலின் இடத்தில் கச்சான் வந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அசல் மாஃபே மாட்டிறைச்சியில்தான் செய்வது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் வேலைக்குத் திரும்பிய பின் நிலாவைக் கும்பா அக்காதான் பார்த்துக்கொண்டார். அவருக்கு அதிகாலையில் வேலை, எனக்குப் பகலில். ஒருநாள் ஒபர்வில்லியேயிலிருந்து வழக்கத்தைவிட நேரத்தோடு வந்துவிட்டேன். அங்கே மொத்த வியாபாரக் கிடங்குகளின் குளிர் அறைகளைப் பராமரிப்பது என் தொழில். அக்காவின் அறையில் அடுப்புக்குப் பக்கத்தில் இரண்டு சட்டிகள் இருந்தன. பெரிய அலுமினியச் சட்டியில் அவருடைய மாட்டிறைச்சிக் குழம்பு. சின்னதில் எங்களுடைய கோழி. சின்னச் சட்டியின் கரண்டிப் பிடியில் நீல நாடா சுற்றியிருந்தது.

"அது உங்கள் கரண்டி. இது எனது. தூக்கத்தில் சமைத்தாலும் மாறாது," என்றார்.

நான் வெப்பமானிகளோடு வேலை செய்பவள். ஒரு குளிர் அறையில் மீனும் பாலும் கலக்காமல் பார்ப்பதற்கு எத்தனை விதி, எத்தனை ஒட்டுத்தாள் என்று எனக்குத் தெரியும். எந்தப் பரிசோதகரும் வராத ஒற்றை அறையில் ஒருவர் அதை எங்களுக்காகச் செய்துகொண்டிருந்தார்.

நிலா அந்த அறையில்தான் நடக்கப் பழகினாள். அவளுடைய முதல் சொற்களில் ஒன்று 'தாந்தி', பிரெஞ்சு மழலையில் அத்தை. கும்பா அக்காவை அப்படித்தான் அழைப்பாள். நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்வாள். அதைப் பற்றி நானும் இங்குள்ள மற்றத் தமிழ்ப் பெற்றோரைப்போலக் கவலைப்படுகிறேன். ஆனால் பசித்தால் மட்டும் "சோறு" என்பாள். அந்தச் சொல்லை அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததுகூடக் கும்பா அக்காதான், என்னிடம் கேட்டுப் பழகி.

3

இந்த வசந்தத்தில் கும்பா அக்காவுக்கு வயிற்றில் அறுவைச் சிகிச்சை நடந்தது. மாதக்கணக்கில் இரத்தம் போயிருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தபோது முகம் சாம்பல் பூத்திருந்தது. சாப்பாடு இறங்கவில்லை. ஒரே மகன் லியோனில் லொறி ஓட்டுகிறான், வந்து பார்த்துவிட்டுப் போனான். நான் கொண்டுபோன கஞ்சி, சூப், இடியப்பம் எல்லாம் இரண்டு கரண்டியோடு நின்றன.

வீட்டுக்கு வரும் தாதி வியாழக்கிழமை என்னை வெளியே கூப்பிட்டாள். எடை மறுபடி இறங்கிவிட்டது, திங்கட்கிழமை வரை பார்ப்போம், சாப்பிடத் தொடங்காவிட்டால் நகரத்துக்கு வெளியே ஒரு குணமடையும் இல்லத்துக்கு அனுப்பச் சொல்லி வைத்தியருக்கு எழுதுவேன் என்றாள். நல்லதற்குத்தான் சொன்னாள். சுவர் மெல்லியது, அக்காவுக்குக் கேட்டுவிட்டது.

"அந்த மாதிரி இடத்தில் நான் நான்கு வருடம் தரை கழுவியிருக்கிறேன்," என்றார் படுத்தபடியே. "யார் வீட்டுக்குப் போனார்கள், யார் போகவில்லை என்று எனக்குத் தெரியும். என்னை அனுப்ப விடாதே."

"அப்போ சாப்பிடுங்கள் அக்கா. எதைத் தந்தால் சாப்பிடுவீர்கள்?"

போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். பிறகு, "மாஃபே," என்றார். உடனேயே சேர்த்துச் சொன்னார்: "கோழியில் செய். உன் அடுப்பில் மாடு வைக்காதே."

அக்காவின் அறையில் சமைக்க முடியாது. வெங்காயம் வதங்கும் மணம் வந்தாலே அவருக்குக் குமட்டியது. கோழி மாஃபேயை அவர் தனக்காக ஒருநாளும் சமைத்ததில்லை என்பதும் எனக்குத் தெரியும். அது எங்களுக்காக அவர் பழகிக்கொண்ட சமையல்.

ரவியிடம் சொன்னேன். ரவி ஒரு பிரெஞ்சு ரெஸ்டோரன்டில் சமையல்காரர். வைனில் அவித்த மாட்டிறைச்சிக்கு அந்த இடம் பேர்போனது. அதைச் செய்வது யாழ்ப்பாணத்துச் சைவ சமயக் குடும்பத்தில் பிறந்த, வாழ்நாளில் அதைச் சுவைத்துப் பார்க்காத இவர். லா சப்பலில் இது அதிசயம் இல்லை. இப்படி எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

"மாட்டிறைச்சியோ? எங்கடை குசினியிலையோ?"

"ஓம்."

"கோழியிலை செய்யுமன். அவவும் அதைத்தானே சொன்னவ."

"அவ எங்களுக்காகச் சொன்னவ. ஏழு வருசமா எங்களுக்காகத்தான் எல்லாம் சொல்லுறவ."

ரவி கைகளை முகர்ந்து பார்த்தார். வேலை முடிந்து வந்தால் எலுமிச்சைத் தோலால் விரல்களைத் தேய்ப்பது அவர் வழக்கம்.

"நான் சாமிக்காக மட்டும் சொல்லேல்லை தர்சி. நாள் முழுக்க அதோடைதான் நிக்கிறன். இந்த மணம் இல்லாத ஒரு இடம் வேணும் எனக்கு. அது இந்த வீடு ஒண்டுதான்."

நான் எழுந்து விளக்கை அணைத்தேன். ஆனால் மறுநாள் காலையில் குசினி அலுமாரியின் மேலிருந்த சாமிப்படங்கள் அங்கே இல்லை. படுக்கையறையில், ஜன்னலோரம், பூவோடு ரவி வைத்திருந்தார்.

4

சனிக்கிழமை வாழ்க்கையில் முதல் தடவையாக மாட்டிறைச்சி வாங்கப் போனேன். அக்கா முஸ்லிம், ஹலால் கடையாக இருக்க வேண்டும். வரிசையில் நின்றேன். என் கைபேசியில் பட்டியல் இருந்தது: இறைச்சி, கச்சான் பசை, தக்காளி விழுது, கோவா, மரவள்ளி, அக்கா மாஃபேயில் போடும் குண்டுச் சிவப்பு மிளகாய் ஒன்று. பட்டியல் போட்டால் எனக்குப் பயம் குறையும். கடைக்காரர் கேட்ட கேள்வி பட்டியலில் இல்லை: "எந்தப் பகுதி, மதாம்?"

மாட்டில் பகுதிகள் இருக்கின்றன என்பதையே நான் யோசித்திருக்கவில்லை. "நடுப்பகுதி," என்றேன். பின்னால் நின்றவர் சிரித்தார். ரவிக்கு அழைத்தேன். பின்னணியில் பாத்திரச் சத்தம் கேட்டது.

"எவ்வளவு நேரம் அவியப்போகுது?" என்று மட்டும் கேட்டார்.

"கனநேரம்."

"பால்ரோன் எண்டு கேளும். தோள் பக்கம். நடுவிலை வெள்ளையா நரம்பு ஓடவேணும், அதைப் பாத்து வாங்கும். அதுதான் கரைஞ்சு குழம்பைத் தடிப்பாக்கும். போனை வையும், ஆக்கள் வரத் தொடங்கிட்டினம்."

பையோடு நான் வீட்டுப் படியேறுவதற்குள் ஸ்தேன் புறநகரில் இருக்கும் மச்சாளிடமிருந்து அழைப்பு வந்தது. ரவியின் அக்கா. லா சப்பலில் செய்தி மெத்ரோவைவிடக் கெதியாகப் போகும்.

"சுகமோ தர்சி? ஒண்டுமில்லை, சும்மாதான் எடுத்தன். மாட்டுக்கடை வரிசையிலை நிண்டனீராம்?"

"ஓம், நிண்டனான்."

"ஆருக்கு?"

"எதிர் வீட்டு அக்காவுக்கு. ஒப்பரேசன் செய்தவ. இரத்தம் காணாது."

"ஆர், எங்கடை நிலாவை வளர்த்த மனிசியோ?" மச்சாளின் குரல் மாறியது. "அதை முதலே சொல்லுறதுதானே. எலும்பும் கொஞ்சம் போட்டுத் தரச் சொன்னனீரே? எலும்புச் சாறு நல்லம்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும் மச்சாள்?"

"டிவியிலை சொன்னவங்கள்," என்று வைத்துவிட்டார்.

5

அன்று பின்னேரம் அக்காவின் கட்டிலருகே உட்கார்ந்து செய்முறையைக் கேட்டுக் கைபேசியில் எழுதினேன். "இது என்ன மருந்தா, எழுதுகிறாய்?" என்றார். மாட்டிறைச்சி வாங்கியதைச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "அப்படியானால் என் பெரிய சட்டியை எடுத்துப் போ. என் கரண்டியையும். உன் சாமான் எதிலும் படக்கூடாது," என்றார். கடைசியாக ஒன்று சொன்னார்: "மிளகாயை முழுசாகப் போடு. காம்போடு. குழம்பின் மேலே மிதக்க வேண்டும். வாசம் மட்டும்தான் வேண்டும், நெருப்பு வேண்டாம். அது உடைந்தால் குழம்பு முடிந்தது."

அதையும் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை ரவிக்கு ஓய்வு. படுக்கையறையில் இருந்தார். நான் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, இறைச்சி முழுவதையும் சட்டியில் கொட்டினேன். அது சிவக்கவில்லை. தண்ணீர் விட்டுக்கொண்டு சாம்பல் நிறத்தில் நின்றது. கதவடியில் ரவி.

"என்ன செய்யிறீர்? குளிக்க வார்க்கிறீரோ அதை? எல்லாத்தையும் ஒண்டாப் போட்டா எப்பிடிச் சிவக்கும்?"

என்னை விலக்கிவிட்டு இறைச்சியை வெளியே எடுத்தார், துணியால் ஒற்றினார், சட்டியைக் காயவிட்டு நான்கு நான்கு துண்டாகப் போட்டார். வீட்டில் ரவி சமைப்பதே குறைவு. அவர் வேலை செய்யும்போது எப்படி நிற்பார் என்பதை அன்றுதான் பார்த்தேன்: கால்களை அகட்டி, தலையைச் சற்றுச் சரித்து, சட்டியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு.

நான் பக்கத்தில் எங்கள் கோழிக் குழம்புக்கு வெட்டிக்கொண்டிருந்தேன். அக்காவின் முறைதான், ஆனால் எங்கள் வீட்டில் பச்சைமிளகாய் இல்லாமல் முடியாது. ஒவ்வொன்றாக எடுத்து நீளமாகக் கீறினேன். சிறு வயதிலிருந்து கை செய்கிற வேலை, அதற்கு மூளை தேவையில்லை. பலகையில் இருந்த மிளகாயெல்லாம் கீறி முடிந்தது. சிவப்பையும் எடுத்து, ரவி கச்சான் பசை ஊற்றியிருந்த பெரிய சட்டியில் போட்டுச் சிறு நெருப்பில் மூடினேன்.

நன்றாக வெந்த பிறகுதான் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். உப்பு யார் பார்ப்பது?

"அங்கை என்ன செய்வியள்?" என்று கேட்டேன்.

"அங்கை ஒரு போர்த்துக்கீசப் பெடியன் ருசி பாத்துச் சொல்லுவான். நான் மணத்திலை மட்டும்தான்."

"நான் பார்க்கிறேன்," என்றாள் நிலா, பிரெஞ்சில். மேசையில் படம் கீறிக்கொண்டிருந்தவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"உனக்கு அது தெரியாது," என்றேன்.

"தெரியும். கன்தீனில் சாப்பிட்டிருக்கிறேன்."

பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக்கு ஒவ்வொரு வருடமும் 'இறைச்சி இல்லாமல்' என்ற கட்டத்தில்தான் அடையாளம் இடுகிறேன். நான் ரவியைப் பார்க்கவில்லை.

"ஏன் சாப்பிட்டாய்?" ரவி மெதுவாகத்தான் கேட்டார்.

நிலா இப்போது தலையை நிமிர்த்தினாள். "தோழியின் தட்டில் இருந்தது. அப்பாவின் சட்டை மணம் மாதிரி இருந்தது. அதனால் கேட்டேன்."

ரவி சட்டிப் பக்கம் திரும்பி நின்றார். அக்காவின் கரண்டியால் கொஞ்சம் எடுத்து, ஒரு கிண்ணத்தில் விட்டு, ஊதி ஆற்றினார். மகளுக்கு முன்னால் குனிந்து நீட்டினார்.

"சொல்லு. உப்புக் காணுமோ?"

நிலா வாயில் வைத்தாள். கண்கள் விரிந்தன. நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு தண்ணீர்க் குழாய்க்கு ஓடினாள். "சுடுது! சுடுது!" என்றாள். தமிழில்.

ரவி மூடியைத் திறந்து முகர்ந்தார், இருமினார். கரண்டியால் துழாவி மிளகாயைத் தூக்கிப் பிடித்தார். காம்பு மட்டும் ஒழுங்காக இருந்தது. கீழே இரண்டு கால் முளைத்ததுபோல் பிளந்து தொங்கியது.

"தர்சி, இதை ஆர் கீறினது?"

எழுதி வைத்த வரி கைபேசியில் அப்படியே இருந்தது.

எங்களால் முடிந்ததைச் செய்தோம். மிளகாயை எறிந்துவிட்டு, இன்னும் கச்சான் பசை கரைத்து ஊற்றினோம். வத்தாளங்கிழங்கு என்கிற சர்க்கரைவள்ளி போட்டோம். நிலா ஒவ்வொரு தடவையும் நாக்கின் நுனியால் தொட்டு, "இன்னும்" என்று தலையாட்டினாள். கடைசியில், "உப்பு சரி. மற்றபடி இது தாந்தியின் மாஃபே இல்லை," என்று தீர்ப்புச் சொன்னாள். புதிதாகச் செய்ய இறைச்சியும் இல்லை. மறுநாள் காலை தாதி வருவாள்.

6

அக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தார். ஒரு கரண்டி சோறு, அதன் மேல் குழம்பு. மென்றார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மிளகாயை யார் கீறியது?"

"நான்தான் அக்கா."

முதலில் அவர் தோள்கள் குலுங்கின. பிறகு ஒரு கையால் வயிற்றை அமத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சிரிக்க வைக்காதே, தையல் விடும்! இது மாஃபே இல்லை. மாஃபேயின் தூரத்துச் சொந்தக்காரி. யாரோ உங்கள் கடைத்தெருவில் கலியாணம் கட்டி மாறிப்போனவள்."

"எடுத்து வைக்கவா? வேறு ஏதாவது..."

"கையை எடு." தட்டை என்னிடமிருந்து தள்ளி வைத்துக்கொண்டார். "ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து எல்லாமே கடதாசி மாதிரி இருந்தது. இது சுடவாவது செய்கிறது."

நெற்றியிலிருந்து வியர்வை வழிய வழியச் சாப்பிட்டார். இறைச்சியை விரலால் பிய்த்துப் பார்த்து, "இதை யார் சிவக்க வைத்தது? நீ இல்லை," என்றார். கதவுக்கு வெளியே தளத்தில் நின்ற ரவி உள்ளே எட்டிப் பார்த்துக் கையை உயர்த்தினார். அக்கா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நெஞ்சில் கைவைத்துத் தலையை மட்டும் அசைத்தார். பிறகு என்னிடம் தட்டை நீட்டினார்.

"சோறு," என்றார். தமிழில்தான்.

திங்கட்கிழமை நான் குளிர் அறைக்குள் இருந்தபோது அக்கா அழைத்தார். தாதி குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து சட்டியைப் பார்த்தாளாம், அரைவாசி முடிந்திருப்பதையும் பார்த்தாளாம், இன்னும் ஒரு கிழமை பொறுப்போம் என்றாளாம். அடுத்த இரத்தப் பரிசோதனை கொஞ்சம் நன்றாகவே வந்தது. இரும்பு மாத்திரைகளும் வேலை செய்திருக்கும். நான் தொழில்நுட்பம் படித்தவள், எல்லாப் புகழையும் குழம்புக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் இல்லத்தைப் பற்றிய பேச்சு அதன் பிறகு எழவில்லை.

இந்த நகரத்தில் எனக்கு வதிவிட அட்டை தந்தவர்களுக்கும், வேலை தந்தவர்களுக்கும் நான் நன்றி சொல்வதுண்டு. அந்த நன்றிகளுக்குப் பிரெஞ்சில் ஒழுங்கான வாக்கியங்கள் இருக்கின்றன. நீல நாடா சுற்றிய கரண்டிக்கு எந்த வாக்கியத்தையும் நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. அதனால்தான் சமைத்தேன், அதுவும் பிழையாக.

சாமிப்படங்கள் மறுபடி குசினிக்கு வந்துவிட்டன. ரவி இப்போதும் எலுமிச்சைத் தோலால் விரல்களைத் தேய்க்கிறார், ஆனால் சட்டையை மாற்றாமலே நிலாவைத் தூக்குகிறார். அடுத்த வருடம் பள்ளிப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் அடையாளம் இடுவது என்று நாங்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை.

போன புதன்கிழமை கதவு தட்டப்பட்டது. திறந்தால் கும்பா அக்கா. ஒரு கை சுவரைப் பிடித்திருந்தது, மறு கையில் தன் பெரிய சட்டியை இடுப்போடு அணைத்திருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் தன் கதவைத் தாண்டி வந்தது அன்றுதான். மூச்சு வாங்கியது.

"நான் வந்து எடுத்திருப்பேனே அக்கா! அதோடு இது உங்கள் சட்டி, இதை ஏன் இஞ்சை கொண்டு வாறியள்?" பதற்றத்தில் பாதி தமிழில் கேட்டுவிட்டேன்.

"சாப்பாடு உன் வீட்டிலிருந்துதானே வந்தது. அப்படியானால் சட்டி உன் வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும். வெறுமையாக வரக்கூடாது என்று நீதானே சொன்னாய்."

சட்டி பளிச்சென்று கழுவியிருந்தது. மூடியைத் திறந்தேன். அடியில் ஒரே ஒரு சிவப்பு மிளகாய், காம்போடு, முழுசாக.

"இதைக் கீறாதே," என்றார்.